பட்டியல் பெருத்தால் சங்கம் பெருத்துவிடுமா?

செய்திமடல் அனுப்பும் சங்கங்களிடையே ஒரு நம்பிக்கை நன்றாக ஊறிப்போயிருக்கிறது: கைக்கு எட்டிய மின்னஞ்சல் முகவரி எதையும் விடக்கூடாது, சேர்த்ததை நீக்கவும் கூடாது. கூட்டத்துக்கு வந்தவர் வருகைப் பதிவேட்டில் எழுதியது, நன்கொடைப் பற்றுச்சீட்டில் கிடந்தது, இன்னொரு சங்கத்தின் செயலாளர் நட்புக்காக அனுப்பிய எக்செல் கோப்பு என எல்லாம் ஒரே பட்டியலுக்குள் போய்ச் சேரும். ஆண்டறிக்கையில் ‘செய்திமடல் பெறுவோர்’ என்ற வரிக்கு எதிரே எண் வருடா வருடம் ஏறும். பொதுக்கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும்.

மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றான யட்டவத்த போன்ற இடங்களில் இந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணமும் உண்டு. ஊரில் பிறந்து கொழும்பிலோ வளைகுடாவிலோ கனடாவிலோ வேலை பார்ப்பவரோடு ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கோ கோயில் பரிபாலன சபைக்கோ மிஞ்சியிருக்கும் ஒரே தொடர்பு, சில வேளைகளில் அந்த முகவரிதான். அதை அழித்தால் ஆளையே தொலைத்ததாகிவிடும் என்று பயப்படுவது இயல்பு. ஆனால் அந்தப் பயத்திலிருந்து கிளைக்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஒன்றுகூட நிற்பதில்லை.

முதல் வாதம்: “முகவரி இருந்தால் ஆள் இருக்கிறார்.”

இல்லை. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கப்போவதாக கூகுள் 2023 மே மாதத்தில் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே வேலையையும் தொடங்கிவிட்டது. வேலை மாறியவரின் அலுவலக முகவரி அவரோடு சேர்ந்தே வெளியேறிவிடுகிறது. இப்படிச் செத்துப்போன முகவரிக்குப் போகும் கடிதம் திரும்பி வரும். அதோடு முடிந்தால் நட்டம் சிறிது. ஆனால் இல்லாத முகவரிகளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவரை, எங்கோ விலைக்கு வாங்கிய பட்டியலை வைத்திருப்பவராகவே மின்னஞ்சல் நிறுவனங்கள் கணிக்கின்றன. ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிப்பதற்காக, கைவிடப்பட்ட பழைய முகவரிகளைப் பொறியாக வைத்துக் காத்திருக்கும் அமைப்புகளும் உண்டு. பொறியில் சிக்கியவரின் கடிதம், உயிரோடு இருந்து ஆவலோடு எதிர்பார்க்கும் வாசகருக்கும் ஸ்பேம் பெட்டியிலேயே விழும். ஆளில்லாத முகவரியை வைத்திருப்பதற்கான விலையை, ஆளுள்ள முகவரிதான் கட்டுகிறது.

இரண்டாவது: “பதிவேட்டில் அவரே எழுதித் தந்தார்; அதுவே சம்மதம்தானே?”

வந்ததற்கு அடையாளமாக எழுதியது வேறு, மாதாமாதம் கடிதம் அனுப்பச் சொன்னது வேறு. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேறுபாட்டை எழுத்திலேயே வைத்திருக்கிறது. தபால், தொலைபேசி, மின்னஞ்சல் எதுவானாலும், உரியவர் சம்மதித்திருந்தால் மட்டுமே இவ்வகைச் செய்திகளை அனுப்பலாம். அவற்றை எப்படிச் செலவில்லாமல் நிறுத்துவது என்பதைத் தொடர்பு விவரம் வாங்கும்போதும் சொல்ல வேண்டும், ஒவ்வொரு செய்தியிலும் சொல்ல வேண்டும். சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் திகதி பின்போடப்பட்டதும், 2025இல் திருத்தம் வந்ததும் உண்மை. அதைக் காட்டித் தப்பலாம் என்று நினைப்போர் சட்டத்தின் விதிவிலக்கையும் படிக்க வேண்டும். தனியொருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் விவரங்களுக்குத்தான் விலக்கு. சங்கத்தின் பட்டியல் அதற்குள் அடங்காது.

பிரித்தானியாவில் இது இன்னும் கறாராக முடிந்தது. யார் சம்மதித்தார்கள் என்ற பதிவு இல்லாமல், “எங்கள் தகவல்கள் உங்களுக்கு வேண்டுமா?” என்று கேட்டு 289,790 மின்னஞ்சல்களை அனுப்பிய ஹோண்டா நிறுவனத்துக்கு, அந்நாட்டின் தகவல் ஆணையாளர் 2017 மார்ச்சில் 13,000 பவுண் தண்டம் விதித்தார். சம்மதம் கேட்டு எழுதுவதற்கே சம்மதம் வேண்டியிருந்தது.

மூன்றாவது: “விலகும் வழியைக் கண்ணில் படும்படி வைத்தால் எல்லோரும் போய்விடுவார்கள்.”

போக நினைத்தவர் எப்படியும் போவார். எந்தக் கதவால் போகிறார் என்பதுதான் சங்கத்தின் கையில் இருக்கிறது. விலகும் இணைப்பு கிடைக்காதவர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார். அது அவர் ஒருவரோடு நிற்காது. பெருந்தொகையாக (கூகுளின் கணக்கில் ஒரு நாளைக்கு 5,000க்கு மேல்) கடிதம் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பெப்ரவரியில் விதித்தன. விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்கிவிடவும் வேண்டும். ஸ்பேம் முறைப்பாடு 0.3 வீதத்தைத் தொடக்கூடாது என்பதோ, சிறியவர் பெரியவர் என்று பாராமல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் கூகுள் சொல்லும் விதி.

நான்காவது: “எல்லா முகவரியையும் பிசிசியில் போட்டு அனுப்பினால் வேலை முடிந்தது.”

பெறுநரின் முகவரிகளை ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைக்கும் கட்டம்தான் பிசிசி. வேலை முடியும், கை தவறாத வரைக்கும். 2015 செப்டம்பரில் லண்டனின் 56 டீன் ஸ்ட்ரீட் சிகிச்சை நிலையம், எச்.ஐ.வி. சேவை ஒன்றைப் பெற்றுவந்தோருக்கான செய்திமடலை 781 பேருக்கு அனுப்பியது. முகவரிகள் பிசிசியில் போகாமல் ‘பெறுநர்’ கட்டத்துக்குப் போயின. அவற்றுள் 730இல் முழுப் பெயரும் இருந்தது. யார் யார் அந்தச் சேவையைப் பெறுகிறார்கள் என்பது ஒரு நொடியில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. தண்டம் 180,000 பவுண். 2021இல் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சும் அதே தவறைச் செய்தது. தலிபான்களிடமிருந்து தப்ப வழி தேடிய ஆப்கானியரின் 265 முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரிய அனுப்பப்பட்டன. அங்கே ஆபத்திலிருந்தது மானம் அல்ல, உயிர். 2023 டிசம்பரில் அமைச்சுக்கு 350,000 பவுண் தண்டம் விழுந்தது.

தவறு நேராவிட்டாலும், சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதமாக அனுப்பி, திரும்பி வந்தவற்றையும் விலகியவர்களையும் தானே கழித்துவிடும் செய்திமடல் சேவைகள் இருக்கையில், பிசிசியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

ஐந்தாவது: “பட்டியல் செயலாளரின் மின்னஞ்சலில் பத்திரமாக இருக்கிறது.”

இலங்கை அரசாங்கமும் அப்படித்தான் நம்பியிருந்தது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணினி வலையமைப்பு கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச டொமைனைப் பயன்படுத்திய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குப் பிரதி இருக்கவில்லை. அவை போனது போனதுதான். அரசுக்கே இந்தக் கதி என்றால், நிர்வாகசபைத் தெரிவில் ஆள் மாறும்போது கடவுச்சொல்லும் கூடவே போய்விடும் ஊர்ச் சங்கத்தின் நிலை என்ன? பட்டியல் சங்கத்தின் சொத்து. சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கில், குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களின் கையில், வேறோர் இடத்தில் ஒரு பிரதியோடு இருக்க வேண்டும்.

ஆறாவது வாதம் எண்களைப் பிடித்துக்கொண்டு வருகிறது: “பாதிப் பேர் திறந்து பார்க்கிறார்களே!” கடிதத்துக்குள் மறைந்திருக்கும் சிறு படம் தரவிறங்கினால், ‘திறக்கப்பட்டது’ என்று கணக்கு வைப்பதே வழக்கம். 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிளின் மெயில் செயலி, பாவனையாளர் அனுமதித்திருந்தால், கடிதத்தை அவர் தொடாவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அந்த எண்ணை நம்பிச் சங்கம் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. பதில் எழுதியவர், இணைப்பைச் சொடுக்கியவர், சந்தா கட்டியவர் ஆகியோரை எண்ணினால் உண்மை தெரியும்.

கடைசி வாதம் தாழ்மை வேடம் போட்டது: “இதெல்லாம் பெரிய கம்பனிகளுக்கு. சிறிய சங்கத்துக்கு எதற்கு?”

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100,000 பேருக்கு அனுப்பும் கம்பனியில் 200 பேர் முறைப்பாடு செய்தாலும் 0.2 வீதம்தான். 300 பேருக்கு அனுப்பும் சங்கத்தில் ஒரே ஒருவர் கோபித்துப் பொத்தானை அழுத்தினால் 0.33 வீதம். சிறிய பட்டியலுக்குத் தவறு செய்யவே இடமில்லை. அதிலும் மாத்தளைப் பக்கத்துச் சங்கத்தின் பட்டியலில் சிங்களம் வாசிப்பவர், தமிழ் வாசிப்பவர், வெளிநாட்டில் வளர்ந்து ஆங்கிலம் மட்டும் வாசிக்கும் பிள்ளை என்று மூன்று விதமானோர் இருக்கலாம். மொழிக்கென்று ஒரு நிரல் இல்லாத பட்டியலிலிருந்து, புரியாத மொழியில் வந்து விழும் கடிதத்துக்கு ஸ்பேம் பொத்தான்தான் பதில்.

பட்டியலைக் குறைத்தால் அமைப்பே குறைந்துவிடும் என்று இன்னமும் பயப்படுவோருக்கு ஒரு செய்தி. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் விவரங்களை 2015இல் திருட்டுக் கொடுத்த பிரித்தானிய மதுக்கடைத் தொடரான வெதர்ஸ்பூன், 2017 ஜூனில் தன் மின்னஞ்சல் பட்டியல் முழுவதையுமே அழித்துவிட்டது. அடுத்த நிதியாண்டில் அதன் விற்பனை கூடவே செய்தது.

ஊர்ச் சங்கம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அடுத்த மடலுக்கு முன்னர், திரும்பி வந்த முகவரிகளை நீக்குங்கள். எங்கே, எப்போது, எதற்குச் சம்மதித்தார் என்ற விவரம் இல்லாதவரை மடல் பட்டியலிலிருந்து எடுத்து, நேரில் கண்டபோது கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் ‘செய்திமடல் வேண்டும்’ என்று தனியாகக் குறியிட ஒரு கட்டம் போடுங்கள். அடுத்த ஆண்டறிக்கையில் எண் இறங்கியிருந்தால், ஏன் இறங்கியது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.