குழாய் எதுவானாலும் சரியென்போருக்கு

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டப்புறங்களில் தச்சுப் பட்டறைகளின் கோலம் மாறிவிட்டது. தோட்ட நிர்வாகத்தின் பட்டறையாகட்டும், எட்டியாந்தோட்டை, எஹலியகொடை, பெல்மதுளைப் பக்கம் இரண்டு பேர் சேர்ந்து கதவு, நிலை, அலுமாரி செய்யும் சின்னக் கடையாகட்டும், கைவாளும் சீவுளியும் இருந்த இடத்தில் சேண்டர், ரவுட்டர், மின்சீவுளி எல்லாம் வந்திருக்கின்றன. கூடவே தூசும் பெருகியது. அதை இழுக்கச் சிலர் வெக்யூம் மெஷினும் வாங்கியிருக்கிறார்கள். மெஷின் வாங்கும்போது விலை, வாட்ஸ், உத்தரவாதம் என்று அரை நாள் பேசுவோம். குழாய்க்கு வந்தால் பாஸ்மார் எல்லாரும் ஒரே பேச்சுத்தான்: “மெஷின் பெரிசா இருந்தா போதும், ஹோஸ் எதுவானாலும் சரி. தடிப்பா இருந்தா இன்னும் நல்லம்.”

இந்தப் பேச்சில் பாதிக்குமேல் பிழை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்தத் ‘தடிப்பு’. மரத்தூளும் சீவலும் குழாய்க்குள் படியாமல் போய்ச்சேர வேண்டுமானால் காற்று நொடிக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகத்தில் ஓடவேண்டும். பட்டறை வெக்யூம் ஒன்று மணிக்கு 200 கனமீற்றர் காற்றை இழுக்கிறது என்று வையுங்கள். 36 மில்லிமீற்றர் குழாய்க்குள் அந்தக் காற்றின் வேகம், கணக்குப்படி, நொடிக்கு 50 மீற்றரைத் தாண்டும். உராய்வில் பாதி போனாலும் மிச்சம் தாராளம். அதே காற்றை 100 மில்லிமீற்றர் குழாய்க்குள் விட்டால் வேகம் 7 மீற்றர்தான். களு கங்கைக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆறு குறுகலில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும், அகன்ற இடத்தில் மணலைப் போட்டுவிடும். தடித்த குழாயின் அடியில் சீவல் தங்கி, நாலு நாளில் அடைத்துக்கொள்வதும் அப்படித்தான். உடனே “மெஷினுக்கு இழுவை காணாது” என்று இன்னும் பெரிய மெஷின் தேடுகிறோம்.

அப்படியானால் 100 மில்லிமீற்றர் குழாய் எதற்கு? பை தொங்கும் பெரிய தூசு சேகரிப்பான்களுக்கு. அவை காற்றை அள்ளி இழுக்கும், ஆனால் இழுவிசை 2 கிலோபாஸ்கல் அளவுதான். வெக்யூம் இதற்கு நேர்மாறு: காற்று கொஞ்சம், இழுவிசை 20 கிலோபாஸ்கலை ஒட்டி அல்லது அதற்கு மேல். மேசை வாளுக்கும் பலகையின் தடிப்புச் சீவும் மெஷினுக்கும் முதலாவது வேண்டும். கையில் பிடிக்கும் கருவிகளுக்கு இரண்டாவது. சேகரிப்பானின் வாயில் ஒரு குறைப்பானைப் பூட்டி 36 மில்லிமீற்றர் குழாயை சேண்டருக்கு இழுப்பவர்களும் இருக்கிறார்கள். மணிக்கு 1000 கனமீற்றர் இழுக்கும் மெஷினில் அப்போது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மெஷின் இரைவது கேட்கும், தூசு பலகையிலேயே கிடக்கும். மெஷின் பெரிது என்ற பேச்சு இந்த இடத்தில் உதவாது.

ஒடுங்கிய குழாய் எல்லாவற்றுக்கும் போதும் என்பதும் சரியல்ல. ஒரே அளவு காற்று போவதாக வைத்துக்கொண்டால், 36 மில்லிமீற்றர் குழாயைவிட 27 மில்லிமீற்றர் குழாயில் உராய்வு இழப்பு நாலு மடங்குக்கு மேல். சேண்டர் மென்தூளைத்தான் துப்பும். அதற்கு 27 போதும், கைக்கும் இலேசு. சேண்டருக்கு இழுவை மிஞ்சினாலும் கரைச்சல்தான்: தட்டு பலகையோடு ஒட்டிக்கொண்டு வட்ட வட்டமாகக் கீறல் விழும். மின்சீவுளியும் ரவுட்டரும் சுருள் சுருளாகச் சீவலைத் தள்ளும். 27இல் அது முதல் வளைவிலேயே இறுகிவிடும். அவற்றுக்கு 36 வேண்டும், பெரிய சீவுளிக்கு 50 வரை போகலாம்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய யோசனை. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு உள்ளே சுருள் கம்பி போல வலுவூட்டிய சக்‌ஷன் ஹோஸ் விற்கிறார்கள். “குழித் தண்ணியை இழுக்கிற ஹோஸ் தூசை இழுக்காதா?” என்று கேட்கிறார்கள். இழுக்கும். அது உறிஞ்சலில் சப்பளியாது, சுலபத்தில் கிழியாது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது செய்யப்பட்டது ஓரிடத்தில் போட்டுவிட்டு பம்பை ஓட்டுவதற்கு. சேண்டரின் வாலில் பூட்டினால் அந்தப் பாரமும் விறைப்பும் கருவியைப் பக்கவாட்டில் இழுக்கும். கை கருவியோடு மல்லுக்கட்டும், பலகையின் ஓரம் வட்டமாகத் தேயும். முனையில் சுழலும் இணைப்பு இல்லாததால் குழாய் முறுக்கிக்கொள்ளும். மாலையில் மணிக்கட்டு வலிக்கிறது என்று எண்ணெய் தேய்ப்பவர் குழாயைச் சந்தேகிப்பதே இல்லை. சுவரோரமாக அசையாமல் ஓடும் பகுதிக்கு அதைத் தாராளமாகப் போடுங்கள், கருவிக்கு அருகே கடைசி இரண்டு மூன்று மீற்றருக்கு வேண்டாம். உடுப்புத் தோய்க்கும் மெஷினின் கழிவுநீர்க் குழாயைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. உள்ளிருந்து தள்ளும் தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய சுவர் அது, உறிஞ்சினால் சப்பளிந்துவிடும்.

நீளம் பற்றியும் ஒரு எண்ணம் ஓடுகிறது. சத்தம் தாங்காமல் மெஷினை லயத்துக் கோடிப்பக்கம் வைத்துவிட்டு பத்து மீற்றர் நெளிகுழாயை உள்ளே இழுக்கிறார்கள். நீளம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். நெளிந்த உட்சுவர், வழவழப்பான குழாயைவிட இரண்டு மூன்று மடங்கு காற்றைத் தடுக்கும். மிஞ்சிய நீளத்தைச் சுருட்டி வைத்தால் ஒவ்வொரு வளைவுக்கும் தனியாக அபராதம் உண்டு. தூரம் தவிர்க்க முடியாதென்றால் 50 மில்லிமீற்றர் பிவிசி குழாயைச் சுவரில் ஏற்றி, கருவிப் பக்கம் மட்டும் நெளிகுழாய் வையுங்கள்.

நிலைமின் கடத்தும் குழாய் வாங்கச் சொன்னால், “இது மழை ஊர், இங்கே நிலைமின்னா?” என்பது இன்னொரு பேச்சு. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் இது நம்பக்கூடிய வாதமாகத்தான் தெரியும். ஈரக்காற்றில் மின்னேற்றம் கசிந்துபோவதும் உண்மை. ஆனால் சூளையில் உலர்த்திய இறப்பர் பலகையின் தூள் பிளாஸ்டிக் சுவரில் உரசிக்கொண்டு வேகமாக ஓடும்போது குழாய்க்குள் மின்னேற்றம் பிறக்கிறது. மழை குறையும் ஜனவரி, பெப்ரவரியில் சுரீரென்று கையில் தெறிக்கும். வாள் சுழலும்போது கை திடுக்கிட்டு விலகினால் என்ன ஆகுமென்று சொல்லவேண்டியதில்லை. இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துப் பயமுறுத்தலையும் மறுக்கவேண்டும். சின்னப் பட்டறையில் குழாய்ப் பொறி பட்டு எல்லாம் வெடித்துவிடும் என்பது மிகை. இங்கிலாந்தின் பொஸ்லியில் 2015 ஜூலையில் நாலு பேரைக் கொன்ற வெடிப்பு நிகழ்ந்தது மரத்தை மாவாக அரைக்கும் ஓர் ஆலையில். இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையை அதோடு ஒப்பிடக்கூடாது. அதற்காக வளையிலும் முகட்டிலும் தூசு அடுக்கடுக்காகத் தங்கவிடவும் கூடாது.

நிலைமின் கடத்தும் குழாய் வாங்கினால் முடிந்தது என்றும் இல்லை. குழாய், அதன் முனை, மெஷின், பிளக்கின் ஏர்த் முள் என்று தொடர் அறாமல் இருக்கவேண்டும். ஏர்த் துளையில் பேனை மூடியைச் செருகி இரண்டு முள் பிளக்கைத் திணிக்கும் பட்டறையில் அந்தக் குழாய்க்குக் கொடுத்த காசு தண்டம்.

ஈரம் உண்மையில் கெடுப்பது வேறிடத்தில். சரியாகக் காயாத பலகையின் தூள் நெளிகுழாயின் மடிப்புகளில் அப்பிக்கொண்டு பூசணம் பூக்கும். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிட்டு மெஷினை இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பேச்சு, “மரத்தூள்தானே, விஷமா?” என்பது. திறந்த கொட்டிலில் காற்று கொண்டுபோய்விடும் என்பார்கள். மழை சாய்ந்து அடிக்கும்போது நாலுபக்கமும் படங்கு இறங்குவதை மறந்துவிடுவார்கள். கொட்டில் திறந்திருந்தாலும் சேண்டருக்கும் மூக்குக்கும் இடையே இருப்பது ஒரு முழம். தோட்டத்துக்காரருக்குத் தூசு புதிய எதிரியும் அல்ல. தேயிலைத் தொழிற்சாலைத் தூசால் வரும் ஆஸ்துமாவை நம் நாட்டு மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இலேயே பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதினார். அதே காலத்தை ஒட்டி இங்கிலாந்தின் ஹை விகொம்பில் தளபாடத் தொழிலாளரிடையே மூக்குப் புற்றுநோய் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பது வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகுப்பில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் வன்மரத் தூளுக்குக் கனமீற்றருக்கு 2 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. இறப்பர் பலகையில் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் எதிராக போரன் உப்புகளை ஏற்றுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முகமூடி வேண்டும், ஆனால் அது மூக்குக்கு வந்துவிட்ட தூசுக்கு. குழாய் அதை வாளடியிலேயே பிடிக்கிறது.

ஒரே ஒரு குழாய்க்குத்தான் பணம் இருக்கிறதென்றால் 36 மில்லிமீற்றரில், மூன்றரை மீற்றர் நீளத்தில், நிலைமின் கடத்தும் வகையை, சுழலும் முனையோடு வாங்குங்கள். சேண்டரே முக்கிய வேலையாக இருப்பவர் மட்டும் 27க்குப் போகலாம். கடையில் அங்குலக் கணக்கில் சொல்வார்கள்: ஒன்றேகால் என்றால் 32 மில்லிமீற்றர், ஒன்றரை என்றால் 38. கருவியின் தூசு வாய் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஒன்றில் நுழையாது, மற்றதில் கழன்று விழும். ரேப் சுற்றிச் சமாளித்தால் அந்த இடைவெளியால் காற்று கசியும். ஆகவே கருவியையே பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பூட்டிப் பார்க்க விடாத கடையில் குழாய் வாங்காதீர்கள்.