யார் வீட்டு ரத்தம்?

மனச்சிதைவு நோய்க்கு மரபணுவே காரணம் என்று ஒரு செய்தி வந்தால் போதும், நம் குடும்பங்கள் உடனே அதற்கு உரை எழுதிவிடும்: பெண் வீட்டு ரத்தம். மகன் காதில் குரல் கேட்கிறது என்றால் மருமகளின் அம்மாச்சிவரை தோண்டுவார்கள். அக்காவுக்கு நோய் என்றால் தங்கையின் ஜாதகம் வீட்டை விட்டு வெளியே போகாது. மாப்பிள்ளை வீட்டு மாடியறையில் பல வருடமாகக் கிடக்கும் பெரியப்பாவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இந்தப் பழி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர் (அவரும் பெண்தான்) ‘மனச்சிதைவை உண்டாக்கும் தாய்’ என்ற கருத்தை எழுதினார். அமெரிக்க மருத்துவம் பல ஆண்டுகள் அதைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சினாலும் குற்றம், கொஞ்சாவிட்டாலும் குற்றம். மரபணு ஆய்வு அந்தத் தாய்களை விடுவித்தது என்கிறார்கள். வளர்ப்பிலிருந்து விடுவித்தது சரி. நாம் அவளைக் கருப்பையில் வைத்துப் பிடித்துக்கொண்டோம்.

ஆய்வு உண்மையில் சொல்வது வேறு. 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, 76,755 நோயாளிகள்வரை டிஎன்ஏவை ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளியளவு. அவற்றில் பல உங்களிடமும் என்னிடமும் இருக்கும். அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும் மற்றவருக்கு வராமலே போவதுண்டு; அது ஏறத்தாழ பாதிக்குப் பாதி.

இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் யாரும் திண்ணையில் பேசுவதில்லை. 2001இல் ஜெருசலேமில் 87,907 பிறப்புகளை ஆராய்ந்தார்கள். ஐம்பது வயதைத் தொட்ட தந்தையரின் பிள்ளைகளுக்கு, இளம் தந்தையரின் பிள்ளைகளைவிட இந்நோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. (அப்போதும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.) 2012இல் ஐஸ்லாந்து ஆய்வு, தந்தையின் வயது ஓராண்டு கூடினால் பிள்ளையின் டிஎன்ஏவில் சுமார் இரண்டு புதிய மாற்றங்கள் கூடுவதாகக் கணக்கிட்டது. நாற்பத்தெட்டு வயதில் இரண்டாம் தாரம் தேடுகிறவரிடம் எந்தத் தரகராவது இதைக் கேட்டதுண்டா? அவருக்கு ‘வயசு ஒரு விஷயமா’.

சட்டமும் கையில் இருக்கிறது. 1976 திருத்தம் இந்து திருமணச் சட்டத்தின் விவாகரத்துப் பிரிவில் மனச்சிதைவைப் பெயர் சொல்லியே சேர்த்தது. 1988இல் மனைவியை விலக்க ஒரு கணவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிடப்படுகிறவள் எந்தத் தீர்ப்பைக் காட்டுவாள்?

சென்னை ஸ்கார்ஃப் நிறுவன ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இப்படி மணம் முறிந்த பெண்களைப் பற்றியது. நாங்கள் போனபின் இவளை யார் பார்ப்பார்கள் என்பதே வயதான பெற்றோரின் கவலை. மரபணு ஆய்வுக்கு ரத்தம் கேட்டு அந்த வீடுகளுக்கு வருகிறவர்கள், ஜீவனாம்சம் வருகிறதா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.