உப்பளத்தின் மேற்கே மூங்கில்

சங்கப் புலவர்கள் மூங்கிலுக்குக் கழை, வேய், வேரல், வெதிர், அமை, பணை என்று பெயர்களை வாரி வழங்கியிருக்கிறார்கள். பறம்பு மலையில் ஏர் தொடாமலே கிடைக்கும் நான்கு உணவுகளைக் கபிலர் எண்ணும்போது மூங்கில் நெல்லைத்தான் முதலில் வைக்கிறார். ஆனால் நண்பர்களே, அது மலை. கிளியனூர் மலையன்று. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில், செம்மண் மேடும் ஏரிப் பாசனமும் கலந்து கிடக்கும் ஊர் அது. கிழக்கே போனால் கழுவெளி, அதையும் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். இந்த மண்ணில் ராட்சத மூங்கிலை ஏக்கர் கணக்கில் நடச் சொல்லும் ஆர்வத்தைத்தான் நான் ஐயத்தோடு பார்க்கிறேன்.

மூங்கில் மீது எனக்குப் பகையில்லை. புல்லினத்தைச் சேர்ந்த இத்தாவரத்தை 1927ஆம் ஆண்டு வனச்சட்டம் மரமென்று எழுதிவைத்தது. தன் நிலத்தில் வளர்த்ததை வெட்டி வண்டியேற்ற உழவன் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தான். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017இல்தான் அந்த வரையறையிலிருந்து நீக்கினார்கள். தொண்ணூறு ஆண்டு கழித்து வந்த நல்ல திருத்தம். அதன் பின்னரே நாற்றுப்பண்ணைகளின் விளம்பரங்களும் பெருகின.

விளம்பரங்கள் சொல்லாதது மூங்கில் வளரும் விதத்தை. முளை தரைக்கு மேல் வரும்போதே அதன் முழுப் பருமனோடு வருகிறது. பிறகு அது பருப்பதேயில்லை. இரண்டு மூன்று மாதங்களில் உயரத்தை முடித்துக்கொண்டு, அடுத்த மூன்றாண்டுகள் உள்ளே வைரம் ஏற்றுகிறது. ஆகவே முளைவிடும் பருவத்து ஈரமும், வேர்க்கிழங்கில் சேர்ந்திருக்கும் சத்துமே தடியின் பருமனைத் தீர்மானிக்கின்றன. முப்பது மீட்டர் வரை எழும் ஜைஜாண்டியஸ், குருத்துக்குப் பெயர்போன ஆஸ்பர் ஆகியவை ஈரம் மிகுந்த நாடுகளின் பிள்ளைகள். இங்கோ மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் புயலோடு கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது கண்டோமே! கோடை முழுவதும் ஆழ்குழாய்க் கிணற்றால் ஈடுகட்டலாம் என்பார்கள். கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தால் உப்பு உள்ளே வரும். உப்பை மூங்கில் பெரும்பாலும் தாங்காது.

குருத்தின் கதை இன்னும் சிக்கல். பச்சைக் குருத்தில் சயனைடை வெளிவிடும் நச்சுப்பொருள் உண்டு. நறுக்கி, நீர் மாற்றி வேகவைத்த பிறகே உண்ணத் தகும். குடகிலும் வயநாட்டிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் பாட்டிமாருக்கு இது கைப்பழக்கம். நம் ஊர்ச் சந்தையில் அதை வாங்குவோர் யார்? வாங்கியவர் சரியாக வேகவைப்பாரா? வெட்டிய குருத்து நாள் கடந்தால் கசப்பேறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்பகுதி உழவருக்குச் சவுக்கு இருக்கிறது. நான்கைந்து ஆண்டில் வெட்டு, வாங்க ஆள் உண்டு, கணக்கு தெரியும். அதைப் பிடுங்கிவிட்டு மூங்கில் வைப்பவர், முதல் நல்ல அறுவடைக்கு ஐந்தாண்டாவது கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடன் வாங்கி நட்டவருக்கு அந்த ஐந்தாண்டு மிக நீளமானது.

என் எண்ணம் இதுதான்: ஏரிக்கரைக்கு உட்புறமாகவும் வாய்க்கால் ஓரத்திலும் வேலியிலும் பத்திருபது தூர் வையுங்கள். வறட்சி தாங்கும் கல் மூங்கில் முதலில். தண்ணீர் வசதி இருந்தால் முள்ளில்லாத பால்கூவா இரண்டொன்று. பக்கத்திலேயே ஆரோவில்லில் மூங்கில் வேலை கற்பிக்கிறார்கள். வண்டு துளைக்காமல் தடியைப் பதப்படுத்துவதை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அது தெரியாமல் வெட்டிய மூங்கில் ஓரிரு ஆண்டில் மாவாக உதிரும்.

நாற்று வாங்குமுன் ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். மூங்கில் பல பத்தாண்டுக்கு ஒருமுறை பூக்கும், பூத்தபின் பெரும்பாலும் தூரோடு மடியும். மிசோரத்தில் 1959இலும் 2007இலும் அப்படிப் பூத்தது. முதல் தடவை எலி பெருகிப் பஞ்சமே வந்தது. கிளையிலிருந்தோ திசு வளர்ப்பிலோ எடுத்த கன்று தாயின் வயதையும் சுமந்துகொண்டே வருகிறது. தாய்த்தூர் கடைசியாக எப்போது பூத்த விதையிலிருந்து முளைத்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். என்ன பதில் வருகிறதென்று எனக்கும் எழுதுங்கள்.