"அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்பது விடையன்று

இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது: "ரவுட்டரை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள்." கொழும்பில் எடுத்தாலும் சரி, ரொறன்ரோவில் எடுத்தாலும் சரி, பாரிசில் எடுத்தாலும் சரி, மொழி மாறுமேயன்றி மந்திரம் மாறுவதில்லை. டெப் கணினியில் வைஃபை வேலை செய்யவில்லை என்று முறையிட்டால் மந்திரத்தின் இரண்டாம் அடியும் சேர்ந்துகொள்ளும்: "டெப்பையும் அணைத்துப் போடுங்கள்." அதற்கும் பழுது மசியாவிட்டால் மூன்றாம் அடி வரும்: "உங்கள் டெப் பழசு, புதிது வாங்குங்கள்." அல்லது, "இதைவிடக் கூடிய வேகமுள்ள பொதிக்கு மாறுங்கள்."

இந்த மூன்றும் பழுதைக் கண்டுபிடிக்கும் வழிகள் அல்ல. பழுது யாருடையது என்ற கேள்வி எழாமற் பார்த்துக்கொள்ளும் வழிகள். மூன்றாவது அடியில் வாடிக்கையாளரின் பணமும் கைமாறுகிறது என்பதால் இதனை வெறும் அசட்டையென்று தள்ளிவிடவும் முடியாது.

அணைத்துப் போட்டால் பல வேளைகளில் வைஃபை மீண்டும் வேலை செய்கிறது என்பது உண்மைதான். ஏன் வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டு வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐ.பி. முகவரியை வழங்குகிறது. அந்த முகவரி சொந்தமாகக் கொடுக்கப்படுவதன்று, குத்தகைக்குக் கொடுக்கப்படுவது. டி.எச்.சி.பி. என்னும் ஒழுங்குமுறையின்படி, குத்தகைக் காலத்தின் அரைவாசி கழிந்ததும் கருவி அதனைப் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். புதுப்பிக்க முடியாமலே காலம் முடிந்துவிட்டால் அந்த முகவரியைக் கைவிட்டுவிட வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்காவது பிசகு நேர்ந்தால், வைஃபைக் குறி முழுமையாகத் தெரிந்தபடியே இருக்க, இணையம் மட்டும் நின்றுவிடும். அணைத்துப் போடும்போது கருவி முகவரியைப் புதிதாகக் கேட்டுப் பெறுகிறது, சிக்கல் அப்போதைக்குத் தீர்கிறது. ஆனால் பிசகு எங்கே நேர்ந்தது என்பதற்கான தடயமும் பெரும்பாலும் அத்துடன் அழிந்துபோகிறது. மறுநாளோ மறுவாரமோ அதே பழுது திரும்பி வருகிறது, அதே மந்திரமும் திரும்பி வருகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2010இல் அமெரிக்காவில் நடந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் திகதி அப்பிள் நிறுவனத்தின் முதலாவது ஐபேட் விற்பனைக்கு வந்தது. சில நாட்களுக்குள்ளேயே பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் ஐபேட்டுகள் சில விபரீதமாக நடந்துகொள்வதை அங்குள்ள தொழில்நுட்பப் பிரிவினர் கண்டனர். அவை முகவரியைக் குத்தகைக்குப் பெற்றன, சில தடவைகள் ஒழுங்காகப் புதுப்பித்தன, பின்னர் புதுப்பிக்காமல் விட்டன. குத்தகை முடிந்த பின்னரும் அதே முகவரியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. வாடகைக் காலம் முடிந்தும் வெளியேறாத குடியிருப்பாளரைப் போன்றது இது. அதே முகவரி வேறொருவரின் கருவிக்கு வழங்கப்பட்டால் இருவருக்கும் இடைஞ்சல்.

பிரின்ஸ்ரன் காரர்கள் மாணவர்களைப் பார்த்து "அணைத்துப் போடுங்கள்" என்று கூறிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தம்மிடமிருந்த பதிவுகளை ஆராய்ந்தார்கள். பழுது வலையமைப்பில் இல்லை, கருவியின் மென்பொருளில் இருக்கிறது என்பதை நிறுவினார்கள். அதனை எல்லோரும் வாசிக்கக்கூடியவாறு எழுதி வெளியிட்டார்கள், உற்பத்தியாளருக்கும் அறிவித்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் வெளியான 3.2.1 மென்பொருட் பதிப்பின் குறிப்பில், வைஃபை இணைப்பு மேம்படுத்தப்பட்டிருப்பதாக அப்பிள் எழுதியது. அதே ஏப்ரலில் அந்நிறுவனம் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டிருந்தது: இரண்டு அலைவரிசைகளிலும் இயங்கும் ரவுட்டர்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்து பாதுகாப்பு அமைப்பு வேறுபட்டிருந்தால், உறக்கத்திலிருந்து விழிக்கும் ஐபேட் தெரிந்த வலையமைப்பிற்கூட மீள இணையாமற் போகக்கூடும், ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு பெயரிடுங்கள், பாதுகாப்பு அமைப்பை ஒன்றாக்குங்கள் என்று ஆலோசனை கூறியது.

உலகிலேயே பேர்பெற்ற நிறுவனத்தின் புத்தம்புதிய கருவியிலும் பழுது இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. அப்பழுது வெளிப்பட்டதற்குக் காரணம், கேட்க வேண்டிய கேள்விகளை யாரோ கேட்டார்கள் என்பதே. பல்கலைக்கழகத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. வட்டுக்கோட்டையில் தனித்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு யார் இருக்கிறார்கள்? கடல் கடந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தை அவர் பார்ப்பது அந்த டெப்பில்தான். அது நின்றுபோனால் அவர் தம்மையே நொந்துகொள்கிறார். "எனக்கு இதெல்லாம் விளங்காது" என்று சொல்ல அவரைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கோ கூடம் உண்மையாகவே கோணலாக இருக்க, ஆடுபவளுக்குத் தெரியாது என்கிறார்கள்.

பத்திரிகைத் தொழிலுக்கு வரும் இளைஞருக்கு முதலிற் கற்பிப்பது யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்ற கேள்விகளை. வைஃபைப் பழுதுக்கும் அவை போதும். எந்தக் கருவி? டெப்பில் மட்டும் பழுதா, அதே இடத்தில் வைத்துப் பார்க்கையில் கைத்தொலைபேசியிலும் பழுதா? கைத்தொலைபேசி நன்றாக வேலை செய்தால் சேவை நிறுவனத்தின் இணைப்பைப் பெரும்பாலும் விட்டுவிடலாம், டெப்பைப் பார்க்க வேண்டும். எல்லாக் கருவிகளிலும் பழுது, ரவுட்டருடன் கம்பியால் இணைத்த கணினியிலும் பழுது என்றால், டெப்பைக் குறைகூறுவதற்கு ஒன்றுமில்லை. ரவுட்டரையும் அதற்கு அப்பாலுள்ள இணைப்பையும் நிறுவனம் பார்க்க வேண்டும்.

எங்கே? ரவுட்டருக்கு அருகில் வேலை செய்து, படுக்கையறையில் நின்றுவிடுகிறதா? 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும்; ஆனால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் தடித்த சுவர்கள், கம்பி போட்ட கொங்கிறீற்றுத் தட்டு, இரும்பு அலுமாரி, தண்ணீர்த் தாங்கி யாவும் அலைக்குத் தடைகளே. ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு மூலையில் மாட்டிவிட்டுப் போகும் நிறுவனத்தின் ஊழியர், வீட்டின் நடுப்பகுதியில் உயரமான இடத்தில் வைக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முறைப்பாடுகளில் ஒரு பகுதி எழவே எழாது.

எப்போது? சமையல் நேரத்தில் மட்டும் அறுந்தால் மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகிக்கலாம். அதுவும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அளவிலேயே இயங்குகிறது. அடுக்குமாடிகளில் மாலையானதும் அறுந்தால் அயலவர்களின் ரவுட்டர்களைப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் வழக்கமாக 1, 6, 11 ஆகிய மூன்றே. கம்பியில் இணைத்த கணினியும் மாலையில் தளர்ந்தால், தம்மால் தாங்க முடியாத தொகைக்கு இணைப்புகளை விற்றிருக்கிறார்களா என்று நிறுவனத்திடமே கேட்க வேண்டியதுதான்.

ஏன் என்ற கேள்விக்கு நம்மவர்களின் வாழ்க்கையோடு ஒட்டிய விடைகளும் உண்டு. கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து கொடுத்த டெப், ஊரிலுள்ள ரவுட்டரை "காணவில்லை" என்று சொல்வதுண்டு. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 2.4 கிகாஹேர்ட்ஸில் 13ஆம் தடம் வரை அனுமதிக்கப்பட்டிருக்க, வட அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட பல கருவிகள் 12ஆம், 13ஆம் தடங்களைப் பயன்படுத்துவதில்லை. ரவுட்டரைக் கீழ்த்தடம் ஒன்றுக்கு மாற்றினால் தீர்ந்தது. அதைப் போலவே, 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ. 3 பாதுகாப்புக்கு மட்டும் ரவுட்டரை அமைத்துவிட்டால் பழைய டெப் இணையாது. 2019இல் வந்த அன்ட்ரொயிட் 10, 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 ஆகியவற்றிலிருந்து கருவிகள் தம் உண்மையான மக் முகவரியை மறைத்து மாற்று முகவரியைக் காட்டுகின்றன. மக் முகவரிகளைப் பதிந்து, அவற்றுக்கு மட்டும் இடங்கொடுக்கும் ரவுட்டர், மென்பொருளைப் புதுப்பித்த மறுகணமே வீட்டுக்காரரின் டெப்பை வேற்றாள் என்று வெளியே நிறுத்திவிடும். இவற்றுள் ஒன்றுக்கேனும் புதிய டெப்போ, விலைகூடிய பொதியோ தேவையில்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விளம்பரங்களிற் கொட்டை எழுத்தில் வரும் நூறு மெகாபிட், முந்நூறு மெகாபிட் யாவும் ரவுட்டரின் வாசல் வரைக்குமானவை. அங்கிருந்து டெப் வரையிலான வழியை அந்த எண் பேசுவதில்லை. பிரித்தானியாவில் 2018 மே மாதம் வரை, வாடிக்கையாளர்களிற் பத்து வீதமானோருக்குக் கிடைத்தாலே போதும், அந்த வேகத்தை "வரை" என்ற சொல்லுடன் விளம்பரப்படுத்தலாம் என்ற நிலை இருந்தது. அதன் பின்னர், இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட நெரிசல் நேரத்தில் அரைவாசிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தையே கூறவேண்டும் என விளம்பரக் கட்டுப்பாட்டாளர்கள் விதித்தனர். "வரை" என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு ஒளித்துவைக்கப்பட்டிருந்தது என்பதற்கு அந்த விதியே சாட்சி. படுக்கையறைச் சுவரைத் தாண்ட முடியாத அலைக்கு, வாசல் வரை வரும் வேகத்தை இரட்டிப்பாக்கி என்ன பயன்?

"டெப் பழசு" என்ற கூற்றில் உண்மையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி, எண்ணற்ற இணையத்தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதிய சான்றிதழை அறியாத ஐ.ஓ.எஸ். 10இற்கு முந்திய கருவிகளில், வைஃபை நன்றாக இருக்கப் பல தளங்கள் மட்டும் திறக்க மறுத்தன. முதலாவது ஐபேட் 5.1.1 பதிப்புடனும், ஐபேட் 2 9.3 பதிப்புடனும் கைவிடப்பட்டவை. திரையும் மின்கலமும் இன்னும் உயிரோடிருக்கும் பொருளைப் பழசாக்கியது காலமன்று, மென்பொருள் வழங்குவதை நிறுத்திய முடிவு. எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு வழங்கப்படும் என்பதைப் பெட்டியின் மேல் அச்சிடாமல் விற்றுவிட்டுப் பின்னர் வாங்கியவரைக் குறைசொல்வது எந்த நியாயம்?

இதற்கு மறுப்பும் உண்டு. தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுவதும் வசை கேட்பவர். ஒவ்வொருவரிடமும் இவ்வளவு கேள்வி கேட்க நேரமேது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். எனது குற்றச்சாட்டு அந்த இளைஞர் மீதன்று, அவர் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் தாளின் மீது. அத்தாளின் முதல் வரியாக, "அதே இடத்தில் வேறு கருவி வேலை செய்கிறதா?" என்ற ஒரு கேள்வியை எழுதிவிட்டால் அரை நிமிடத்திற் பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

சாதாரண மக்களுக்கு இவை விளங்கா என்பது அடுத்த மறுப்பு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் குசினிக் குழாயில் மட்டுமா, கிணற்றடிக் குழாயிலுமா என்று பார்த்து, தாங்கி வெறுமையா, மோட்டர் பழுதா, குழாய் அடைபட்டதா என்று வரிசையாகத் தேடத் தெரிந்தவர்கள் நமது வீட்டுப் பெண்கள். வைஃபைப் பழுதைத் தேடும் முறையும் இதுவே. விளங்காதது விடயமன்று, அது சொல்லப்படும் மொழி. வீட்டில் வந்து இறங்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. சில வீடுகளில் அப்பக்கத்துள் நுழையும் கடவுச்சொல்லே வீட்டுக்காரருக்குக் கொடுக்கப்படுவதில்லை. கதவைப் பூட்டித் திறப்பைத் தாமே வைத்துக்கொண்டு, உள்ளே போகத் தெரியாதவர் என்று ஏளனம் செய்வது அழகன்று.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்த நாட்டுப் பிள்ளைகளின் வகுப்பறை ஒரு டெப்பின் திரைக்குள், பலருக்கு அதைவிடச் சிறிய கைத்தொலைபேசித் திரைக்குள் ஒடுங்கியது. அலை தேடி மலையேறிய மாணவர்களின் படங்களை உலகம் பார்த்தது. வீட்டில் வைஃபை இருந்தும் பாடத்தின் நடுவே அறுந்து அறுந்து போன பிள்ளைகளை எவரும் படம் எடுக்கவில்லை. அவர்களின் பெற்றோர் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். ரவுட்டரின் கடவுச்சொல் அதற்குப் பணம் கட்டுபவரின் கையில் இருக்க வேண்டும். பழுது தேடும் முறை தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சிட்டு ரவுட்டருடன் கொடுக்கப்பட வேண்டும். புதிய பொதியை விற்க முன்னர், பழுது கருவியிலா, வீட்டுக்குள்ளா, வெளி இணைப்பிலா என்பதை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். ஒரே பழுது மூன்றாம் முறை முறையிடப்பட்டால் ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்புகளை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுக்கள், இங்காயினும் புலம்பெயர்ந்தோர் வாழும் நாடுகளிலாயினும், இவற்றை நிபந்தனையாக்குவதற்கு விண்வெளி விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை மறுமுனையிலிருந்து மந்திரம் ஓதப்படும்போது, "அணைத்துப் போட்டாயிற்று. அதே இடத்தில் கைத்தொலைபேசி வேலை செய்கிறது. கம்பியில் இணைத்த கணினியும் வேலை செய்கிறது. இனி நீங்கள் சொல்லுங்கள்" என்று நிதானமாகக் கூறுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.