குதிரைகள் மாறின, வீரர் மாறவில்லை!
20 ஆண்டுகளில் 3 ஒலிம்பிக் பதக்கம்

ஒலிம்பிக் போட்டியில் தங்கம் வாங்கினார். அடுத்த பதக்கத்துக்கு 17 ஆண்டுகள் காத்திருந்தார்!

அவர்தான் பிரான்சு நாட்டுக் குதிரைச் சவாரி வீரர் நிக்கோலா தூசான். 1980-ம் ஆண்டு ஆன்ஜே நகரில் பிறந்தவர்.

இவர் கலந்துகொள்வது பணம் கட்டி ஆடும் குதிரைப் பந்தயம் அல்ல. இதில் மூன்று சோதனைகள் உண்டு. மூன்றுக்கும் ஒரே குதிரைதான்.

முதலில் குதிரை, வீரரின் குறிப்பறிந்து அடக்கமாக நடந்து காட்டவேண்டும். அடுத்து, காடுமேடு எல்லாம் ஓடிப் பள்ளம், தண்ணீர், மரக்கட்டைகளைத் தாண்டவேண்டும். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. கடைசியில், கம்புகளைத் தட்டாமல் தாண்டவேண்டும். ஒரு கம்பு விழுந்தால் 4 தண்டனை மார்க்கு. காட்டில் குதிரை ஒருமுறை முரண்டு பிடித்தால் 20! தண்டனை மார்க்கு குறைந்தவருக்கே வெற்றி. ஆணும் பெண்ணும் சரிசமமாக மோதுகிறார்கள்.

கோர்ட்டில் கிடைத்த தங்கம்

தூசான் 20 வயதில் சிட்னி ஒலிம்பிக்கில் இறங்கினார். 2003-ல் கலான் என்ற குதிரையில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார்.

2004-ல் ஏதென்சு ஒலிம்பிக். பிரெஞ்சு அணிக்கு முதலில் கிடைத்தது வெள்ளிதான். தங்கம் ஜெர்மனிக்குப் போயிற்று. ஆனால், ஜெர்மன் வீராங்கனை ஒருவர் புறப்படும் கோட்டை இரண்டு தடவை தாண்டிவிட்டார் என்று தகராறு எழுந்தது. மூன்று நாடுகள் விளையாட்டுக் கோர்ட்டுக்குப் போயின. ஆகஸ்டு 21-ந் தேதி தீர்ப்பு வந்தது. தங்கம் பிரான்சுக்கு!

மைதானத்தில் ரசிகர்கள் ஆரவாரம் செய்யவேண்டிய வெற்றி, தீர்ப்புத் தாளில் வந்து சேர்ந்தது. கால்பந்து வீரர்களைப்போல இவர் பெயர் வீடுதோறும் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். ஆனால், குதிரைச் சவாரி ரசிகர்களிடம் இவர் புகழே வேறு. 2008-ல் ஹில்டாகோ என்ற குதிரையில் இங்கிலாந்தின் பாட்மின்டன் போட்டியை வென்றார். அதை வென்ற முதல் பிரெஞ்சுக்காரர் இவரே.

மீண்டும் முதலிலிருந்து...

குதிரையைப் பழக்கி இந்த நிலைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும். அது உச்சத்தில் இருப்பதோ சில ஆண்டுகள்தான். பிறகு வேறு குதிரை; அதோடு முதலிலிருந்து உழைப்பு. பலர் இங்கேதான் ஓய்ந்துபோகிறார்கள்.

2016-ல் ரியோவில் பிரான்சு மறுபடி தங்கம் வென்றது. அந்த அணியில் தூசான் இல்லை!

அவர் ஒதுங்கிவிடவில்லை. 2021-ல் டோக்கியோவில் புதுக் குதிரையோடு வந்து அணிக்கு வெண்கலம் வாங்கித் தந்தார்.

2024-ல் சொந்த நாட்டிலேயே ஒலிம்பிக். வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் ரசிகர்கள் திரண்டார்கள். தூசானுக்கு வயது 44. இப்போது இன்னொரு குதிரை. அணிக்கு மூன்றே பேர். மூவர் மார்க்கும் கணக்கில் சேரும். ஒருவர் சறுக்கினாலும் அணிக்குப் பாதிப்புதான். பிரிட்டன் 91.3 மார்க்குடன் தங்கம் பெற்றது. பிரான்சு 103.6 மார்க்குடன் வெள்ளி பெற்றது.

இந்த முறை அவர் கோர்ட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. சொந்த மக்கள் கண்முன்னேயே பதக்கம் வாங்கினார்.