மரையின் தலையில் கட்டாதீங்க

ஹோட்டன் சமவெளிக் காடு பட்டுப்போகுது எண்டால் உடனே ஒரு பதில் வரும்: மரை பெருகிட்டுது, பட்டையை உரிக்குது, கன்றுகளைத் தின்னுது, ஆகவே எண்ணிக்கையைக் குறைக்க வேணும். மறுபக்கம், வாயில்லாச் சீவன் என்ன செய்யும் என்று உருகுகிற கூட்டம். இரண்டு பேரோடையும் எங்களுக்குச் சண்டை இருக்கு.

முதலில் உருகுகிறவர்களுக்கு. சேதம் உண்மை. ஆண் மரை கொம்பை மூடியிருக்கும் தோலைக் கழற்ற மரத்தில் உரசும். பட்டையைக் கடித்தும் தின்னும். தண்டைச் சுற்றி முழு வளையமாகப் பட்டை போனால் இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்காது. மரம் மெல்லச் சாகும். முளைத்து வாற கன்றையும் மேய்ந்துவிட்டால் செத்த மரத்தின் இடத்துக்கு வேறொன்று வராது.

ஆனால் 1970களிலேயே அங்கே மரங்கள் நின்ற நிலையில் பட்டுப்போவது பதிவாகிவிட்டது. கீனா மரத்துக்குத்தான் கூடுதல் அடி. வரட்சி, மண்ணின் குறைபாடு, வளி மாசு என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். இதையெல்லாம் தாண்டி மரை மட்டும் எப்படிக் குற்றவாளியாகும்?

இந்த மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார் வேட்டை நாய் விட்டு மரை பிடித்தார்கள். சாமுவேல் பேக்கர் அதைப் பெருமையாகப் புத்தகமே போட்டார். பிறகு 1960களில் அதே சமவெளியில் உருளைக்கிழங்கு போட்டார்கள். கைவிட்ட கிழங்குக் காணி மேய்ச்சல் வெளியாச்சு. 1988இல் தேசிய பூங்கா வந்தது, அதோடு நாங்களும் வந்தோம், கையில் பிஸ்கட்டோடு. வாகனத் தரிப்பிடத்தில் மரை நாய்க்குட்டி மாதிரி நிற்குதே, யார் பழக்கினது? செல்பிக்கு நல்லாத்தான் இருக்கு. (இதை எழுதுகிற எங்கட போன்களிலும் அந்தப் படங்கள் இருக்கலாம், தேடிப் பார்க்கவில்லை.)

சுட்டுக் குறைப்பம் எண்டு சொல்லுறவையிட்ட ஒரு கேள்வி. அங்குள்ள சிறுத்தைக்கு முக்கிய இரையே மரைதான். அதை யோசிச்சீங்களா?

மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மலைக்காட்டிலிருந்து தண்ணீர் போகுது. முகிலைப் பிடித்து நீராக்குகிற மரங்கள் அவை. கீழே குடிக்கிற ஊர்கள் எத்தனை! ஆகவே உணவு கொடுக்கிறதை நிப்பாட்டுங்க. பிடிபட்டால் தண்டம் அறவிடுங்க. நட்ட கன்றுகளைச் சுற்றி மரை பாயாத உயரத்துக்கு வேலி போடுங்க. துவக்கைப் பற்றிக் கதைக்க முதல் அந்த வேலி எங்க எண்டு நாங்க கேட்கிறம்.