ராக்கெட்டா நம் சோற்றைப் பறித்தது?

"வயிற்றுக்குச் சோறில்லை, வானத்துக்கு ராக்கெட்டா?"

ஆலை வாசலிலும் கேட்கிறோம், நடவு வயலின் வரப்பிலும் கேட்கிறோம் இந்தக் கேள்வியை. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. நாடே கைதட்டியது. கைதட்டிய தொழிலாளி வீட்டுக்குப் போய் அரிசிப் பானையைப் பார்த்தார், கேள்வி பிறந்தது. கேட்டவரைத் தேசத்துரோகி என்று ஏசுகிறது ஒரு கூட்டம். விஞ்ஞானமே வீண் செலவு என்று உதட்டைப் பிதுக்குகிறது இன்னொரு கூட்டம். இரு கூட்டமும் கணக்கைக் காட்டுவதில்லை. நாம் காட்டுவோம்.

2023-24 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். விண்வெளி இலாகாவுக்கு ஒதுக்கியது சுமார் 12,544 கோடி. அதாவது, சர்க்கார் செலவழிக்கும் நூறு ரூபாயில் 28 காசு! நாட்டின் 140 கோடி மக்களுக்கும் பங்கிட்டால் தலைக்கு வருஷத்துக்குத் தொண்ணூறு ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 294 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

அப்படியானால் நம் சோற்றைப் பறித்தது யார்?

அதே 2023-24 பட்ஜெட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கான ஒதுக்கீட்டை 73,000 கோடியிலிருந்து 60,000 கோடியாக வெட்டினார்கள். ஏழைக் கூலியிலிருந்து வெட்டிய பதின்மூவாயிரம் கோடி ராக்கெட்டுக்கா போயிற்று? இல்லை! முந்திய ஆண்டு 13,700 கோடியாக இருந்த விண்வெளி ஒதுக்கீடும் அதே பட்ஜெட்டில்தான் குறைந்தது. கூலியையும் வெட்டினார்கள், விஞ்ஞானத்தையும் வெட்டினார்கள்.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள், தோழர்களே! 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் லாபத்தின் மீதான வரியைக் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சொன்னது வேறு யாருமல்ல, சர்க்காரேதான். சந்திரயான்-3-க்கு ஆன செலவு சுமார் 615 கோடி. ஒரு வருஷத்து வரிச் சலுகையில் இருநூற்று முப்பது தடவைக்கு மேல் நிலவுக்குப் போய் வரலாம்! திருடன் கொல்லைப்புறமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். நாம் திண்ணையில் படிக்கும் பிள்ளையிடம் விளக்கெண்ணெய்க்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பதா?

சரி, அந்த 28 காசுக்கு நமக்கு என்ன கிடைத்தது?

1999 அக்டோபரில் ஒடிசாவைப் புயல் தாக்கியது. சுமார் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013 அக்டோபரில் அதே கரையில் 'பைலின்' புயல். செயற்கைக்கோளும் ராடாரும் முன்கூட்டியே காட்டின. சுமார் பத்து லட்சம் பேரை மேட்டுக்கும் புயல் கூடங்களுக்கும் அப்புறப்படுத்தினார்கள். சாவு நூறைக்கூட எட்டவில்லை. செத்திருக்கக்கூடியவர்கள் யார்? மாடி வீட்டுக்காரர்களா? குடிசையில் கிடக்கும் கூலி விவசாயியும் மீனவரும்தானே!

ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது நடந்ததென்ன? வானத்தில் கண் இருந்தது. ஆழ்கடலில் கிடந்த கன்னியாகுமரிப் படகுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டார்கள், காணாமற் போனார்கள். செயற்கைக்கோள் அதிகமாகிப் போனதா குற்றம்? அதன் பலனை ஏழையின் படகு வரை கொண்டு சேர்க்காததே குற்றம்!

இந்த விஞ்ஞானம் யாரும் பிச்சை போட்டதல்ல. 1963-ல் தும்பாவில் முதல் ராக்கெட் பறக்க இடம் விட்டவர்கள் மீனவ மக்கள். ராக்கெட்டின் கிரையோஜெனிக் இயந்திரத்தை நாம் செய்யும் வித்தையை ரஷ்யா தரக்கூடாது என்று 1990-களில் அமெரிக்க ஏகாதிபத்தியம் மிரட்டித் தடுத்தது. நம் விஞ்ஞானிகளும் தொழிலாளிகளும் சளைக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் சோதித்துச் சோதித்து, தோற்றுத் தோற்று, 2014 ஜனவரியில் சொந்த இயந்திரத்தால் ராக்கெட்டை வெற்றிகரமாக விண்ணுக்கு ஏற்றினார்கள். எல்லாம் பொதுப்பணம், பொது உழைப்பு.

அந்த உழைப்புக்குக் கிடைத்த மரியாதை என்ன? ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு ராட்சச நகரும் மேடையைச் செய்து கொடுத்தது ராஞ்சியிலுள்ள பொதுத்துறைக் கனரக இயந்திரத் தொழிற்சாலை. சந்திரயான்-3 கிளம்பியதும் அந்தத் தளத்திலிருந்துதான். அதே 2023-ல் அந்தத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் போராட்டத்தில் நின்றார்கள். ராக்கெட் நிலவைத் தொட்டது. அதைத் தாங்கும் மேடையைச் செய்தவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை!

இப்போது அறுவடைக் காலம். 2020 ஜூனில் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். 2024-ல் அந்நிய மூலதனத்துக்கும் கதவு அகலமாயிற்று: ராக்கெட் துறையில் 49 சதவிகிதம், செயற்கைக்கோளில் 74, அவற்றின் பாகங்களில் 100 வரை, முன்அனுமதி கேட்க வேண்டியதில்லை! "தனியார் வந்தால் போட்டி வரும், செலவு குறையும்" என்று வக்காலத்து வாங்குகிறார்கள். அவ்வளவு கெட்டிக்காரர்கள், ராக்கெட் விழுந்து விழுந்து எழுந்த காலத்தில் எங்கே போயிருந்தார்கள்? உழுதவன் ஒருவன், விதைத்தவன் ஒருவன். கதிர் முற்றியதும் அரிவாளோடு வருபவன் மிராசுதார். வயலில் பார்த்த அதே கதைதான், தோழர்களே, வானத்திலும் நடக்கிறது.

ஒவ்வொரு ராக்கெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடச் சொல்லவில்லை நாம். எதற்கு, எவ்வளவு, யாருக்குப் பலன் என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. ஆனால் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் காசு வேறு, விஞ்ஞானத்துக்குச் செலவழிக்கும் காசு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் லாபம் முதலாளிக்குத்தான்.

2024 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். அங்கே நாம் கேட்க வேண்டியது இதுதான்: நிலமும் கடலும் விட்ட குடும்பங்களுக்கு நிரந்தர வேலை கொடு! காண்டிராக்ட் கூலிமுறை வேண்டாம்! ஏவுதளம் பொதுச்சொத்தாகவே இருக்கட்டும்! புயல் சேதியும் மழைச் சேதியும் கடைசிப் படகு வரை, கடைசி வயல் வரை வரட்டும்!

"ராக்கெட் எதற்கு?" என்று கேட்ட தோழருக்கு நம் பதில் இதுவே. ராக்கெட் நம்முடையது, அதைச் செய்த கையும் நம்முடையது. அதன் பலன் யாருடையது என்று கேட்போம். கூலி உயர்வும் வேண்டும், செயற்கைக்கோளும் வேண்டும். இரண்டுக்கும் பணம் இருக்கிறது. எந்தப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்!